ரோஜா முத்தையா சேகரிப்பு: காத்தலும் படியெடுத்தலும் இடம்பெயர்தலும்

ரோஜா முத்தையா சேகரிப்பு என்பது, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியை அடுத்துள்ள கோட்டையூரில், ரோஜா முத்தையா செட்டியார் என்னும் தனிமனிதர் தம் சொந்த முயற்சியில் திரட்டிய நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் ஆகியவற்றின் தொகுதியாகும். நூல்களும் இதழ்களும் பிறவும் சேர்ந்து ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் இதில் இருந்தன. 1992இல் அவர் மறைந்த பின், சிகாகோ பல்கலைக்கழகம் இதனை அவர் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. ஆயினும் சேகரிப்பு அமெரிக்காவுக்குச் செல்லவில்லை, சென்னைக்கே வந்தது. 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. கடல் கடந்து சென்றவை நுண்படச் சுருள்கள் மட்டுமே.

தாள் சொந்த நிலத்தில் இருக்க, படி மட்டும் வெளியே போகும் இந்த ஏற்பாடு இன்று இயல்பானதாகத் தோன்றலாம். அன்று அது எளிதில் எடுக்கப்பட்ட முடிவன்று. ஒரு தனியார் சேகரிப்பைக் காப்பதில் சிதறாமல் வைத்திருத்தல், படியெடுத்தல், பாதுகாப்பான இடத்துக்கு மாற்றுதல் என மூன்று வேலைகள் உள்ளன. இவற்றில் ஒன்று தவறினாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். ரோஜா முத்தையா சேகரிப்பின் வரலாறு, இம்மூன்றும் உரிய காலத்தில் கைகூடிய ஓர் அரிய நிகழ்வின் வரலாறு ஆகும்.

பின்னணி

தமிழில் அச்சு நூல் 1578இல் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' முதலே உண்டு. ஆனால் 1835க்குப் பின்னரே இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்தும் நிலை வந்தது. அதன்பின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூல்கள் வெள்ளமெனப் பெருகின. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சான நூல்களை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். அவ்வாறு பதிவானவற்றின் பட்டியல்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியாயின. இதனால் அக்காலத்தில் வெளிவந்த நூல்கள் பலவற்றின் பெயரை இன்று அறிய முடிகிறது. ஆனால் பெயர் இருக்கும் நூலுக்கெல்லாம் படி இல்லை.

சென்னை கன்னிமாரா பொது நூலகம் 1896இல் திறக்கப்பட்டது. வெளியாகும் நூல் ஒவ்வொன்றும் அதற்கும் வேறு சில நூலகங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்ற சட்டம் 1954இல்தான் வந்தது. ஆகவே நூறாண்டுக்கும் மேற்பட்ட அச்சு வரலாற்றில் பெரும்பகுதி அரசு நூலகங்களுக்கு வெளியே, தனியார் வீடுகளிலேயே தங்கியிருந்தது.

அவ்வீடுகளில் இருந்தவற்றுள் சில நற்பேறு பெற்றன. உ. வே. சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அவர் தேடித் தொகுத்த சுவடிகளும் நூல்களும் 1943இல் அவர் பெயரில் சென்னையில் அமைந்த நூலகத்துக்கு வந்தன. மறைமலையடிகள் 1950இல் மறைந்தார். அவருடைய நூல்களைக் கொண்டு 1958இல் மறைமலையடிகள் நூலகம் தொடங்கப்பட்டது. இவ்விருவரும் பேரறிஞர்கள். அவர்கள் சேர்த்தவை மதிப்புடையவை என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ரோஜா முத்தையாவின் நிலை வேறு.

ரோஜா முத்தையா

முத்தையா தொழிலால் ஓவியர். சென்னையில் விளம்பரப் பலகைகள் எழுதும் கடை நடத்தினார். அக்கடையின் பெயரில் இருந்த 'ரோஜா' அவர் பெயருக்கு முன்னும் ஒட்டிக்கொண்டது. சென்ட்ரல் இரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள் அவரை ஈர்த்தன. 1950ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய சேகரிப்பு, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் மறையும் வரை நீண்டது.

பின்னர் அவர் சொந்த ஊரான கோட்டையூருக்குத் திரும்பினார். கோட்டையூர் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் பிறந்த ஊரும் அதுவே. செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் கணக்கேடுகள், கடிதங்கள், நூல்கள், அழைப்பிதழ்கள் எனத் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த தாள்கள் நிறைய இருந்தன. இவையும் அவர் கவனத்துக்கு வந்தன. ஆராய்ச்சியாளர்கள் பலர் கோட்டையூருக்கே சென்று அவருடைய நூல்களைப் பயன்படுத்தினர்.

அவர் சேகரித்த முறைக்கும் ஒரு கல்விமான் சேகரிக்கும் முறைக்கும் வேறுபாடு உண்டு. கல்விமான் தம் துறைக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவார். முத்தையா எதையும் விடவில்லை. இலக்கியம், இலக்கணம், சமயம், சித்த மருத்துவம் ஆகியவற்றோடு சமையல் நூல்கள், பெண்களுக்கான இதழ்கள், காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற குஜிலி நூல்கள், நாடக நோட்டீசுகள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள், கிராமபோன் பாட்டுப் புத்தகங்கள், திருமண அழைப்பிதழ்கள் ஆகியவற்றையும் சேர்த்தார். சேகரிப்பிலுள்ள மிகப் பழைய அச்சு நூல் 1804ஆம் ஆண்டைச் சேர்ந்தது.

பெரிய நூலகங்கள் ஒரு பொருட்டாகவே கருதாத இந்தச் சிறு வெளியீடுகள்தாம் இன்று வரலாற்று ஆசிரியர்களுக்கு முதன்மைச் சான்றுகள். ஒரு நாடக நோட்டீசில் நடிகர்களின் பெயர், கட்டண விகிதம், பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்பது, ஆட்டம் தொடங்கும் நேரம் ஆகியவை இருக்கும். அக்காலச் சமூக வாழ்க்கையை அறிய இவற்றைவிட நேரடியான சான்று கிடைப்பது அரிது.

மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. அங்கிருந்து முன்னரே கோட்டையூருக்குப் போயிருந்த நூல்கள் அத்தீயிலிருந்து தப்பியவை எனலாம்.

1992க்குப் பின்

சேகரித்தவர் மறையும்போதுதான் தனியார் சேகரிப்புக்கு உண்மையான ஆபத்து தொடங்குகிறது. எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது அவர் நினைவில் மட்டுமே இருக்கும். குடும்பத்தாருக்கு அது பெருஞ்சுமை. பழைய புத்தக வணிகர் வந்து விலைபோகும் நூல்களை மட்டும் பொறுக்கிக்கொள்வார். எஞ்சியவை எடைக்குப் போகும். ஒரு சேகரிப்பு இவ்வாறு உடைந்துவிட்டால் மீண்டும் ஒன்றாகாது. ஓர் இதழின் பத்து ஆண்டுத் தொகுதி நான்கு வீடுகளுக்குப் பிரிந்துபோனால், அந்த இதழின் வரலாற்றை எழுதுவதும் இயலாது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அ. கி. இராமானுஜன் இச்சேகரிப்பின் அருமையை உணர்ந்து முயற்சி எடுத்தவர்களுள் ஒருவர். அவர் 1993 ஜூலையில் மறைந்தார். அப்பல்கலைக்கழக நூலகத்தின் தெற்காசியப் பிரிவுக்குப் பொறுப்பு வகித்த ஜேம்ஸ் நை பணியை முன்னெடுத்தார். சென்னையில் மொழி அறக்கட்டளை துணை நின்றது. சேகரிப்பு முழுவதையும், எதையும் பொறுக்கி எடுக்காமல், ஒன்றாக வாங்குவது என்று முடிவாயிற்று.

நூல்கள் இந்தியாவிலேயே இருக்க வேண்டும். அவற்றைக் காக்கவும் அட்டவணைப்படுத்தவும் படியெடுக்கவும் சென்னையில் ஒரு நிறுவனம் வேண்டும். சிகாகோவுக்குப் படிகள் போதும் என்பதே ஏற்பாட்டின் சாரம். காலனிய காலத்தில் சுவடிகளும் சிற்பங்களும் மூலமாகவே நாட்டை விட்டு வெளியேறின. இலண்டனிலும் பாரிசிலும் உள்ள தமிழ்ச் சுவடிகளைக் காணத் தமிழ் ஆய்வாளர் அங்கே செல்ல வேண்டியிருந்தது. இங்கே அந்த வழக்கம் மாறியது. பிரிட்டிஷ் நூலகம் 2004இல் தொடங்கிய 'அழிநிலை ஆவணங்கள் திட்டம்' மூலங்கள் சொந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பதை விதியாகக் கொண்டது. ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு முன்பே கோட்டையூர் நூல்களுக்கு அவ்விதி நடைமுறையாகிவிட்டது.

இடமாற்றம்

கோட்டையூரிலிருந்து சென்னை சுமார் 400 கிலோமீட்டர். புதிய நூலகம் முதலில் முகப்பேரில் இயங்கியது. பின்னர் தரமணிக்கு மாறியது.

நூலக இடமாற்றம் வீடு மாற்றுவது போன்றதன்று. ஒரு நூல் எந்த அடுக்கில், எந்த நூலுக்கு அருகில் இருந்தது என்பதும் ஒரு செய்தியே. சேகரித்தவர் எவற்றை ஒன்றாகக் கருதினார் என்பதை அது காட்டும். ஆகவே பெட்டிகளுக்கு எண்ணிட்டு, உள்ளிருப்பவற்றைப் பட்டியலிட்டு, அதே வரிசையில் இறக்க வேண்டும். பூச்சி அரித்த நூல் நல்ல நூலோடு சேர்ந்தால் பூச்சி பரவும். எனவே புதிய அடுக்குகளுக்குச் செல்லுமுன் புகையூட்டித் தூய்மை செய்தல் வேண்டும். நொறுங்கும் தாள்களைக் கட்டி அடுக்கினால் பயணத்தின் அதிர்ச்சியிலேயே ஓரங்கள் உதிர்ந்துவிடும். ஒவ்வோர் இடமாற்றமும் நூலுக்கு ஒரு சோதனை. அதனால்தான் இடமாற்றத்துக்குப் பின் படியெடுக்கும் பணியைத் தள்ளிப்போட முடிவதில்லை.

தாள் ஏன் நொறுங்குகிறது

ஓலைச்சுவடி முந்நூறு ஆண்டுகள் வாழ்கிறது. 1920இல் அச்சான நூல் கை பட்டதும் உடைகிறது. இதற்குக் காரணம் தாளின் உள்ளேயே உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கந்தல் துணியிலிருந்து தாள் செய்யப்பட்டது. அதன் இழைகள் நீளமானவை, வலுவானவை. பின்னர் மரக்கூழ்த் தாள் வந்தது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியப் பிசினும் கலந்தனர். படிகாரம் காலப்போக்கில் அமிலமாகிறது. அமிலம் தாளின் இழைகளைத் துண்டாக்குகிறது. சென்னையின் வெப்பமும் ஈரமும் இந்த வேதிவினையை விரைவாக்குகின்றன.

மலிவான தாளில் அச்சான மலிவு நூல்களே முதலில் அழியும். குஜிலி நூலும் நாடக நோட்டீசும் நாளிதழும் அவ்வகையைச் சேர்ந்தவை. வேறெங்கும் படி இல்லாதவை எவையோ, அவைதாம் விரைவில் நொறுங்குபவையும்கூட. ஆகவே எதை முதலில் படியெடுப்பது என்பதை நூலின் புகழைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. அதன் அருமையையும் தாளின் நிலையையும் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

நுண்படம்

மைக்ரோஃபிலிம் எனப்படும் நுண்படம், பக்கங்களைப் பல மடங்கு சுருக்கிப் புகைப்படச் சுருளில் பதியும் முறை. இங்கிலாந்தில் ஜான் பெஞ்சமின் டான்சர் 1839இலேயே சிறு அளவில் இதைச் செய்து காட்டினார். 1870–71இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டபோது ரெனே தாக்ரோன் செய்திகளை நுண்படமாக்கிப் புறாக்களின் வழியே அனுப்ப உதவினார். 1930களில் நாளிதழ்களையும் நூல்களையும் காக்கும் கருவியாக நூலகங்கள் இதனை ஏற்றன. அதன்பின் வெளிநாட்டு ஆவணக் காப்பகங்களுக்குச் சென்ற வரலாற்று ஆசிரியர்கள் தமக்கு வேண்டிய ஆவணங்களைச் சுருளாகப் பெற்று வீட்டில் வைத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று.

ரோஜா முத்தையா நூலகத்தில் நுண்படப் பணிக்கு அமெரிக்க அரசின் மானுடத் துறைகளுக்கான தேசிய நிதியம் உதவியது. பணி பின்வரும் வரிசையில் நடைபெறும்.

முதலில் நூலின் பக்கங்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படும். விடுபட்ட பக்கம், கிழிந்த பக்கம், தவறாக எண்ணிட்ட பக்கம் ஆகியவை குறிக்கப்படும். கிழிசல்கள் மெல்லிய ஜப்பானியத் தாளால் ஒட்டப்படும். பிறகு நூல் அட்டவணையில் ஏறும். தமிழ்த் தலைப்பு, ஆசிரியர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகியன உலக நூலகங்கள் பின்பற்றும் நெறிப்படி பதியப்படும். இப்பதிவு இல்லையேல் சுருளுக்குள் இருக்கும் நூலைக் கண்டுபிடிக்க வழியில்லை. அட்டவணையே நுண்படத்தின் பாதி வேலை.

அடுத்து நூலைச் சமதளத்தில் விரித்து, மேலிருந்து கேமராவால் 35 மில்லிமீட்டர் சுருளில் படம் எடுப்பர். சுமார் 30 மீட்டர் நீளச் சுருளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் அடங்கும். தொடக்கத்தில் நூலின் விவரமும் தெளிவைச் சோதிக்கும் கோட்டுப் படமும் பதியப்படும். சுருளைக் கழுவியபின் எழுத்தின் தெளிவும் கருமையின் அளவும் சோதிக்கப்படும். கழுவும் வேதிப்பொருளின் எச்சம் தங்கினால் படம் சில ஆண்டுகளில் மங்கிவிடும். அதற்கும் தனிச் சோதனை உண்டு. ஒரு பக்கம் தெளிவில்லையென்றால் அதனை மீண்டும் எடுக்க வேண்டும். நொறுங்கும் நூலைப் பலமுறை விரிக்க முடியாது என்பதால் முதல் முறையே சரியாக எடுப்பது இன்றியமையாதது.

ஒவ்வொரு நூலுக்கும் மூன்று தலைமுறைச் சுருள்கள் உருவாகும். முதலாவது மூலச் சுருள். அதனை எவருக்கும் கொடுப்பதில்லை, குளிர்ந்த உலர் அறையில் பூட்டி வைக்கப்படும். இரண்டாவது, மேற்கொண்டு படிகள் எடுப்பதற்கான சுருள். மூன்றாவது, வாசகர் பார்ப்பதற்கானது. வாசகர் சுருளில் கீறல் விழுந்தாலும் இரண்டாவதிலிருந்து இன்னொன்று எடுக்கலாம். மூலத்தைத் தொட வேண்டியதில்லை.

சுருளுக்கும் ஆயுள் உண்டு. பழைய நைட்ரேட் சுருள் தீப்பிடிக்கக்கூடியது. அசிட்டேட் சுருள் ஈரமும் வெப்பமும் பட்டால் சிதைந்து புளிக்காடி நாற்றம் வீசும். பாலியெஸ்டர் சுருளை முறைப்படி கழுவிக் குளிர்ந்த, உலர்ந்த நிலையில் வைத்தால் 500 ஆண்டுகள் நிலைக்கும் என்பது தரநிலைகளின் கணிப்பு. மின்தடை அடிக்கடி நேரும் வெப்ப நாட்டில் அறையின் குளிரை இடையறாது காப்பதே இதில் செலவு மிகுந்த பகுதி.

மின்னுருவாக்கம்

கணினி பரவிய பின் நுண்படத்திலிருந்தும் தாளிலிருந்தும் மின்னுருக்கள் எடுக்கப்படலாயின. நூலைத் தொடாமல் சுருளை மட்டும் ஓடவிட்டு விரைவாகப் பக்கங்களை மின்னுருவாக்க முடியும் என்பது பெரிய வசதி. கோட்டையூர் நூல்களை அன்று நுண்படமாக்கியவர்கள், இணையத்துக்கான பாதி வேலையைத் தாம் அறியாமலே செய்து வைத்தார்கள்.

குறையும் உண்டு. நுண்படம் கறுப்பு வெள்ளை. பாட்டுப் புத்தகத்தின் வண்ண அட்டை, பல நிற மைகளில் அச்சான நாடக நோட்டீசு ஆகியவற்றின் அழகு அதில் வராது. இவற்றை மூலத்திலிருந்து மீண்டும் வண்ணத்தில் எடுக்க வேண்டியுள்ளது. நுண்படம் எடுத்தபின் மூலத்தைக் களைந்துவிடலாம் என மேலை நாடுகளில் சில நூலகங்கள் எண்ணியதுண்டு. தமிழ் நூல்கள் சென்னையிலேயே காக்கப்பட்டதால்தான் இந்த இரண்டாம் வாய்ப்பு கிடைத்தது.

மின்னுரு விரைவில் பரவும். ஆனால் தானாக நிலைக்காது. வன்தட்டு சில ஆண்டுகளில் பழுதாகும். கோப்பு வடிவங்கள் மாறும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நுண்படத்தையோ ஒரு விளக்கும் ஒரு உருப்பெருக்கியும் இருந்தால் எக்காலத்திலும் படிக்கலாம். ஆகவே பயன்பாட்டுக்கு மின்னுரு, நிலைபேற்றுக்கு நுண்படம், சான்றுக்கு மூலம் என மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

இரு ஒப்பீடுகள்

ஐதராபாத்தில் அப்துஸ் சமத் கான் என்பவர் திரட்டிய உருது நூல்களும் இதழ்களும் இதே வகையைச் சேர்ந்தவை. சிகாகோ உள்ளிட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் முயற்சியால் அவையும் நாட்டை விட்டு வெளியேறாமல், நகரின் சுந்தரய்யா விஞ்ஞான கேந்திரத்தில் வைக்கப்பட்டன. 2000 ஆகஸ்டில் பெய்த பெருமழையில் வெள்ளம் கட்டடத்துக்குள் புகுந்து நூல்களை நனைத்தது. நனைந்த நூல்களை உலர்த்திச் சீராக்குவது நெடும்பணியாயிற்று. சேகரிப்பை ஒன்றாகக் காத்தல் மட்டும் போதாது. அது தங்கும் இடமும் தளமும் சிந்தித்துத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பதை அவ்வெள்ளம் உணர்த்தியது.

இன்னொன்று யாழ்ப்பாணப் பொது நூலகம். 1981 ஜூன் 1ஆம் நாளை ஒட்டிய இரவில் அது எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறு எங்கும் படி இல்லாதவையும் இருந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது. படி இல்லாத சுவடி மீளவில்லை. ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியதன் பின்னணியில் இவ்விழப்பின் நினைவும் உண்டு.

பயனும் பாடமும்

இன்று தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தமிழியல் ஆய்வாளர்கள் தவறாமல் செல்லும் இடம். எழுத்தாளரும் ஆய்வாளருமான சு. தியடோர் பாஸ்கரன் 1998 முதல் 2001 வரை இதன் இயக்குநராக இருந்தார். 2007இல் ஐராவதம் மகாதேவனின் வழிகாட்டலில் சிந்துவெளி ஆய்வு மையம் இங்கு அமைந்தது. பிற தனியார் சேகரிப்புகளும் இங்கு வந்து சேர்ந்துள்ளன. ஒரு சேகரிப்பு காக்கப்படும் இடத்தில் மற்றவையும் நம்பிக்கையுடன் வந்து சேரும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

தமிழ்நாட்டின் வீடுகளில் இன்றும் எண்ணற்ற சேகரிப்புகள் உள்ளன. ஓய்வுபெற்ற ஆசிரியர், சித்த வைத்தியர், நாடகக் கலைஞர், பழைய அச்சக உரிமையாளர் என எவர் வீட்டுப் பரணிலும் அவை இருக்கலாம். அவற்றைக் காக்கப் பெரும் பொருள் தேவையில்லாத முதற்படிகள் சில உண்டு. சேகரித்தவர் வாழும்போதே, அவர் சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் எழுதி வைக்கலாம். அடுக்கிய வரிசையைக் கலைக்காமல் படம் எடுத்து வைக்கலாம். அழைப்பிதழ், நோட்டீசு, கடிதம் ஆகியவற்றைக் குப்பை எனத் தள்ளாதிருக்கலாம். ஈரச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் நூல்களை விலக்கி வைக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒரு நூலகத்தைக் கேட்கலாம்.

கோட்டையூர்ச் சேகரிப்புக்குச் சிகாகோவின் பணமும் சென்னையின் உழைப்பும் கிடைத்தன. ஆனால் அவை வந்து சேரும் வரை அந்த நூல்கள் ஒன்றாக, கலையாமல் அவ்வீட்டில் இருந்தன. விளம்பரப் பலகை எழுதிய ஒருவர் நாற்பது ஆண்டுகள் சேர்த்ததை, அவர் மறைந்த பின்னும் உடையாமல் அவர் குடும்பத்தார் ஒப்படைத்தார்கள். நுண்படமும் மின்னுருவும் அதற்குப் பின்னரே வந்தன.